வேலிச்சந்தில் மிதந்த முட்டை

அடியே,

இதை எழுதும்போது என் சமையல் மேடையில் ஒரு கோழிமுட்டை இருக்கிறது. சிரிக்காதே. ஆமாம், என் வீட்டில்தான், காபி டபராவுக்கும் சாம்பார்ப் பொடி டப்பாவுக்கும் நடுவில். உருண்டு விழுந்துவிடப் போகிறதே என்று ஒரு கிண்ணத்தில் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்த்தியிருக்கிறேன். இவர் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்.

கொல்லையில், மாட்டுக் கொட்டகை மூலையில், உன் விதைநெல் ஈரச் சாக்குக்குள் கட்டிக் கிடக்கிறது. மேலே வைக்கோல், வைக்கோல்மேல் பலகை, பலகைமேல் ஒரு கல். உன் மகள் நஸ்ரின் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறிவிட்டதாக இப்போதுதான் போன் செய்தாள். "நான் வந்து பிரிக்கிறேன் பெரியம்மா, அதுவரைக்கும் நீங்க தொடாதீங்க" என்றாள். தொடவில்லை. ஆனால் உள்ளே முளை விட்டிருக்கிறதா, இல்லை உப்பில் ஊறிச் செத்துக் கிடக்கிறதா என்று தெரியவில்லை. இரண்டு தடவை கொட்டகை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை எழுந்தபோது இவர் என் கையில் பேனாவைக் கொடுத்து, "எதையாவது எழுதிட்டு உக்காரு, அந்தச் சாக்குப் பக்கம் போகாத" என்றார். யாருக்கு எழுதுவது? என் பயத்தையெல்லாம் உன்னிடம் கொட்டித்தானே எனக்குப் பழக்கம்.

நீ போய்விட்டாய் என்பதை மறந்து எழுதவில்லை. அது ஒரு நிமிஷமும் மறக்கவில்லை, கவலைப்படாதே.

நாம் முதலில் சண்டைக்காரிகளாகத்தான் பேசிக்கொண்டோம். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பால் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெயருக்குத்தான் எழுத்தர் வேலை, காலையில் வரிசையில் வருகிற பாலையெல்லாம் பார்த்து வாங்குவதும் நான்தான். அடுத்த கொல்லைக்காரி என்று உன்னைத் தெரியும், வேலிக்கு மேல் தலை தெரியும், அவ்வளவுதான். அன்றைக்குக் கறந்த சூடு ஆறாத பாலைக் கொண்டுவந்து வைத்தாய். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற லாக்டோமீட்டர்க் குழாயை உள்ளே விட்டேன். அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகவே முழுகியது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயைப் பார்த்தேன், உன் முகத்தைப் பார்த்தேன். அதற்கே நீ பொங்கிவிட்டாய்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? எங்க வூட்டு மாடு என்ன தண்ணியவா கறக்குது?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்களே. பால் சூடா இருக்கு. ஆறட்டும், திரும்பப் பாக்கலாம்."

"ஆறுற வரைக்கும் நான் இங்கயே குந்தியிருக்கணுமாக்கும்?"

"இருந்தா நல்லதுதான்."

குந்தியிருந்தாய். முறைத்துக்கொண்டே குந்தியிருந்தாய். அந்தக் குழாயில் மாய மந்திரம் ஒன்றும் கிடையாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடியில் ஈயக்குண்டு அடைத்த கண்ணாடிக் குமிழ், மேலே ஒல்லியான கழுத்து, கழுத்தில் கோடுகள். அது முழுகுகிற அளவுக்குத் திரவத்தை ஒதுக்கித் தள்ளும். ஒதுக்கிய திரவத்தின் கனமும் தன் கனமும் சரியாகிற இடத்தில் நின்றுவிடும். திரவம் கனமாக இருந்தால் கொஞ்சம் ஒதுக்கினாலே போதும், அதனால் மேலே நிற்கும். திரவம் இலேசாக இருந்தால் நிறைய ஒதுக்க வேண்டும், அதனால் கழுத்துவரை இறங்கும். தண்ணீர் கலந்தால் பால் இலேசாகும். சூடாக இருந்தாலும் இலேசாகும். ஏன் இலேசானது என்று மட்டும் குழாய் சொல்லாது, அதைப் பார்க்கிறவள்தான் யோசிக்க வேண்டும். அன்றைக்குப் பால் ஆறியதும் மறுபடி விட்டேன். தன் கோட்டில் வந்து அழகாக நின்றது.

நீ சிரித்தாய். "நல்லவேளை, அவசரப்பட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தீங்க. சொல்லியிருந்தா கொழாய ஒடச்சிருப்பேன்" என்றாய். அன்று முதல் எனக்கு உன் வாயில் 'பால்சங்கம்' என்றுதான் பெயர். 'ங்க' போய் 'டி' வந்தது அடுத்த வாரமோ என்னவோ. வேலை விட்டு ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும், கடைத்தெருவில் அத்தனை பேருக்கு நடுவில் "ஏய் பால்சங்கம்" என்று கத்துவாய். எனக்கு மானம் போகும். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது.

உன் வயலும் எங்கள் வயலும் ஒரே வரப்பு. உன் வீட்டுக்காரர் சவுதியில், இவர் மின்வாரிய வேலையில். ஆக, விதை விடுகிற காலத்தில் நீயும் நானும்தான். ஆவணியில் சம்பா நாற்றுக்கு விதை பொறுக்க வேண்டும். பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, கல் உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிற்று நெல்லும் மிதக்கும், முற்றிய நெல் அடியில் போய் உட்காரும். உப்பு எவ்வளவு? அதைச் சொல்வது முட்டை. உப்பைக் கரைக்கக் கரைக்க, அடியில் படுத்திருக்கும் முட்டை எழும்பி வரும். தலையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓடு வெளியே தெரிந்தால் கரைசல் சரி. அதற்குமேல் ஒரு பிடி உப்பும் போடக் கூடாது.

இந்த ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் எங்கள் வீட்டில் முட்டைக்கு எங்கே போவது? சுத்த சைவம். என் மாமியார் இருந்தவரைக்கும் முட்டை என்ற சொல்லைக்கூட வீட்டுக்குள் விட மாட்டார், "அது" என்பார். அதற்கு நீதான் வழி கண்டுபிடித்தாய். இரண்டு கொல்லைக்கும் நடுவில் இருந்த கிளுவை வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து உண்டு. பீப்பாயைச் சரியாக அந்தச் சந்தில் வைத்தாய். பாதிப் பீப்பாய் உன் கொல்லையில், பாதி என் கொல்லையில். முட்டை உன் பாதியில் மட்டும் மிதக்க வேண்டுமாம். அது நகர்ந்து என் பக்கம் வந்தால், "ஏய், அந்தப் பக்கம் போகாத, அங்க மாமி நிக்கிறாங்க" என்று விரலால் இழுத்துக்கொள்வாய். கொட்டகை வாசலில் நின்ற என் மாமியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் கையில் முட்டை படாமல் பார்த்துக்கொண்டாய். போடுவதும் நீ, எடுப்பதும் நீ. வேலை முடிந்ததும் சேலைத் தலைப்பில் துடைத்து உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாய். அப்புறம் அந்த முட்டைக்கு என்ன ஆயிற்று என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

முட்டையைப் பீப்பாயில் விடுவதற்கு முன்னால் சொம்பில் வெறுந்தண்ணீர் ஊற்றி அதில் போட்டுப் பார்ப்பாய். படுக்கையாக அடியில் கிடந்தால்தான் எடுத்துக்கொள்வாய். "கடை முட்டைய நம்பாதடி. எந்த ஊருலேர்ந்து எத்தன நாளா லாரியில வந்துச்சோ. உள்ள ஈரம் வத்தி காத்து அடஞ்சிட்டுன்னா வெறுந்தண்ணியிலயே தலைய தூக்கும். அதப் பாத்து உப்ப நிறுத்துனோம்னு வையி, பதரெல்லாம் நல்ல விதை மாதிரி அடியில போயி உக்காந்துக்கும்" என்பாய். நான் தலையாட்டிக்கொண்டே உப்பைக் கிண்டுவேன். லாக்டோமீட்டரை அந்தத் தண்ணீரில் போட்டால் அதன் கோடெல்லாம் மேலே போய்விடும், பாலுக்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னபோது, "உன்ன மாதிரி" என்றாயே. திமிர் பிடித்தவள்.

மாசியில் ஒரு காலை தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டே நெஞ்சு அடைக்கிறது என்றாய். ஆட்டோவில் என் மடியில்தான் தலை வைத்திருந்தாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது, அதுவரைக்கும் கண் திறந்திருந்தது. இதற்குமேல் இதை எழுத மாட்டேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து உன் வீட்டுக்காரர் சவுதிக்குத் திரும்பிப் போனார். வீட்டைப் பூட்டும் நாளில் நஸ்ரின் என்னை உள்ளே கூப்பிட்டு மூலையில் இருந்த தகரப் பீப்பாயைக் காட்டினாள். பூச்சி அண்டாமல் நொச்சித் தழை போட்டு மூடி வைத்த சீரகச் சம்பா விதை. தையில் அறுவடை முடிந்ததும் நீ காய வைத்து எடுத்து வைத்தது. சீரகச் சம்பா கடையில் கிடைக்கும், யார் இல்லையென்றது? ஆனால் வருஷா வருஷம் கதிர் முற்றும்போது வயலில் இறங்கி, உயரம் மாறியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, நடுவயலில் நீ தனியாக விட்டு வைத்த இந்த நெல் கடையில் கிடைக்காது. உன் வீட்டு பிரியாணி வாசனை தெருமுனையில் திரும்பும்போதே தெரியும் என்பார்கள். சாப்பிடாத எனக்கே தெரியும்.

"பெரியம்மா, அடுத்த மாசியில அம்மாவோட மொத வருஷ ஃபாத்திஹா. அத்தா சவுதியிலேர்ந்து லீவு போட்டுட்டு வர்றாங்க. அன்னிக்கு அம்மா நெல்லுலதான் சோறாக்கணும். உங்களால முடியுமா?" என்றாள் நஸ்ரின். அவள் அழவில்லை, கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள். நீ கேட்பது மாதிரியே இருந்தது.

முடியும்டி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்காலில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். இந்த முறை போனால் அடுத்து எப்போது என்று கரையில் நிற்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதிர்வயல்காரர் நாற்றங்காலில் விதைத்தேவிட்டார். நேற்று முன்தினம் காலையில் அந்தப் பெரிய பீப்பாயை உருட்டிக்கொண்டு போய் வேலிச்சந்தில் நிறுத்தினேன். தண்ணீர் நிரப்பினேன். வேதாரண்யத்துக் கல் உப்பு மூட்டையைப் பிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது, வேலிக்கு அந்தப் பக்கம் முட்டையோடு நிற்க ஆள் இல்லை என்று.

இவர்தான் யோசனை சொன்னார். "முட்டை எதுக்கு? நம்ம இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பாக்குற கொழாய் இருக்கே. அதுவும் இதே வேலையத்தானே பண்ணுது?"

பார்த்திருப்பாய், அவர் மாதாமாதம் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாரே. தடித்த கண்ணாடிக் குழாய், தலையில் ரப்பர்க் குமிழ், அடியில் ஒரு மூக்கு. குமிழை அமுக்கி விட்டால் பேட்டரித் திராவகத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஒரு குட்டி மிதவை. அதில் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று பட்டைகள். பேட்டரியில் சார்ஜ் ஏறியிருந்தால் திராவகம் கனத்திருக்கும், மிதவை எழும்பிப் பச்சை காட்டும். சார்ஜ் இறங்கினால் திராவகம் இலேசாகி, மிதவை அமிழ்ந்து சிவப்பு காட்டும். லாக்டோமீட்டருக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். எனக்கும் சரியென்றே பட்டது. திராவக வாடை துளியும் இருக்கக் கூடாது என்று அவரைத் திரும்பத் திரும்பக் கழுவ வைத்தேன்.

உப்பைப் போட்டுக் கிண்டினேன். உறிஞ்சிப் பார்த்தார். மிதவை அடியிலேயே கிடந்தது. இன்னும் போட்டேன். அடியிலேயே கிடந்தது. மறுபடி போட்டுக் கிண்டியபோதுதான் மெல்ல எழும்பிச் சிவப்பு காட்டியது.

"சிவப்பு ஆகாது. பச்சை வரணும்" என்றார் இவர்.

"வரணும்தான், போடுறேன் இருங்க."

போட்டுக்கொண்டே இருந்தேன். வெள்ளைக்கு வந்தது. பச்சைக்கு வருவேனா என்றது. மூட்டை காலியாயிற்று. உள்ளே போய் சமையலறை ஜாடியில் இருந்த உப்பையும் கவிழ்த்துக்கொண்டு வந்தேன். போட்ட உப்பு கரையாமல் அடியில் மணலாக நின்றது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வாய்க்கால் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எல்லார் வயலுக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. போதும், வெள்ளையே இருக்கட்டும் என்று உன் விதையை எடுத்துக் கொட்டிவிட்டேன்.

எல்லாம் மிதந்தது.

அடியே, எல்லாமே மிதந்ததடி. அடியில் போய் உட்கார்ந்தது கைப்பிடி தேறாது. பீப்பாயின் மேற்பரப்பே தெரியவில்லை, விளிம்பு வரைக்கும் பாய் விரித்த மாதிரி நெல். பூச்சி அரித்துவிட்டதா? நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா? இடையில் எடுத்து ஒரு வெயில் காய வைத்திருக்க வேண்டுமா? கொல்லையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து போன் அடிக்கிறது. நஸ்ரின்.

"விதை எப்படி இருக்கு பெரியம்மா?"

"ஆயிட்டே இருக்குடி தங்கம். நான் அப்புறம் கூப்புடுறேன்."

போனை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. இவர் முறத்தை எடுத்து மிதந்ததையெல்லாம் அள்ள ஆரம்பித்துவிட்டார். "போனது போச்சு. கடையில சீரகச் சம்பா வாங்கிக்கலாம். அந்தப் பொண்ணுக்குத் தெரியவா போகுது?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அவரை அப்படியே பீப்பாயில் தள்ளிவிடலாம் போல இருந்தது. அவளுக்குத் தெரியாது, சரி. முதல் கவளத்தில் அவள் அத்தாவுக்குத் தெரிந்துவிடாதா? எனக்குத் தெரியாதா?

அள்ளிய நெல்லை வேலியோரம் கொட்டப் போகும்போது உன் கழுத்து மொட்டைக் கோழி வந்து நின்றது. உன் கோழிகளையெல்லாம் நஸ்ரின் தெருவில் பிரித்துக் கொடுத்துவிட்டாள். இது ஒன்று மட்டும் எந்த வீட்டிலும் அடங்காமல் உன் பூட்டிய வாசலுக்கும் என் மாட்டுக் கொட்டகைக்குமாக அலைந்துகொண்டிருக்கிறது. விதை பொறுக்கும் நாளில் பதரெல்லாம் அதற்குத்தானே போடுவாய். தன் பங்குக்கு வந்து நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தேன்.

நறுக்கென்று உடைந்தது. உள்ளே முழு அரிசி, வெள்ளையாக, பூச்சி தொடாமல். இன்னொன்றைக் கடித்தேன். அதுவும் முழுசு. இன்னொன்று. அதுவும்.

நிறைந்த நெல் எப்படி மிதக்கும்?

அப்போது உன் குரல் காதில் விழுந்தது. ஒரு வருஷம் இப்படித்தான், பேச்சு சுவாரசியத்தில் நீ முட்டையை எடுத்துவிட்ட பிறகும் நான் உப்பைப் போட்டுக் கிண்டியிருக்கிறேன். நெல் நிறைய மிதந்ததும் "ஐயோ, எல்லாம் பதருடி" என்று நான் அலற, நீ விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, தூவென்று துப்பி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாய். நெல்லெல்லாம் மளமளவென்று இறங்கியது. "மெதக்குறதப் பாத்துப் பயப்படாத பால்சங்கம். மொதல்ல தண்ணியப் பாரு" என்றாய். அன்றைக்கு என்னைக் கேலி செய்கிறாய் என்று கோபித்துக்கொண்டு போனேன்.

இவரை நிறுத்தச் சொன்னேன். முறத்தைப் பிடுங்கினேன். பச்சைப் பட்டை பேட்டரிக்குத்தான் நல்லது, விதைக்கு அதனிடம் என்ன வேலை? அந்தக் குழாய் திராவகத்துக்குப் பிறந்தது. அதன் சிவப்புக்கும் கீழேதான் நம் விதைக்கு வேண்டிய கரைசல் இருக்கும். உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் உப்புத் தண்ணீர் பச்சைக்கு வராது, அதற்குமேல் கரையாதே. காலமெல்லாம் பாலில் மிதவை விட்டுப் பார்த்தவள், ஒரு கலர்ப் பட்டையைப் பார்த்து ஏமாந்து நின்றேன். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றிருப்பாய்.

நெல்லையெல்லாம் அரித்துத் தனியே வைத்துவிட்டு, பீப்பாயில் பாதித் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு நல்ல தண்ணீரை விட்டேன். எதுவரை விடுவது? அந்தக் குழாயில் மிதவை மறுபடி அடியில் படுத்துவிட்டது, அதற்குமேல் அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. முட்டை வேண்டும். இவர் என் முகத்தைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாழ்நாளில் முதல் தடவையாக முட்டை வாங்கப் போகிற மனுஷர், தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனதை நீ பார்த்திருக்க வேண்டும். துண்டில் சுற்றி, கிளிக்குஞ்சு மாதிரி கொண்டுவந்து கொடுத்தார். சொம்பில் வெறுந்தண்ணீர் ஊற்றி, கரண்டியால் தள்ளி விட்டேன். உள்ளே விழுந்த முட்டை நேராக நிமிர்ந்து, ஆடி, தலையைத் தூக்கி மேலே வந்துவிட்டது.

"மெதக்குதே! நல்ல முட்டைதானே?" என்றார் சந்தோஷமாக.

"இல்லைங்க. பழசு" என்றேன். எனக்கு அப்போது உன்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மொட்டைக் கழுத்துக்காரி கொட்டகை வைக்கோலில் போய் உட்காருவதை நான் கொஞ்ச நாளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அன்று போய் வைக்கோலை விலக்கினேன். இருந்தது. கரண்டி கையில் இல்லை, இவர் எங்கோ பின்னால் நின்றார். ஒரு நிமிஷம் நின்றேன். கையை நீட்டி எடுத்துவிட்டேன்.

அது சூடாக இருந்ததடி. அது எனக்குத் தெரியாது. இத்தனை காலம் வேலிச்சந்தில் உனக்கு எதிரே நின்றும், அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது.

சொம்பில் போட்டேன், படுக்கையாக அடியில் போய்க் கிடந்தது. பீப்பாயில் விட்டேன், ஓடு காசைவிட அகலமாக வெளியே தெரிய மிதந்தது. குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கிண்ட, கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்தது. காசு அகலம் வந்ததும் நிறுத்தினேன். முட்டையை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்துச் சமையல் மேடையில் கொண்டுபோய் வைத்தேன். விதையை எடுத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கொட்டினேன். பாதிக்கு மேலே, இல்லை, முக்காலே மூணு வீசமும் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இவர் "அப்பாடா" என்றார். எனக்கு அப்பாடா வரவில்லை. அத்தனை உப்பில் அவ்வளவு நேரம் கிடந்த விதையாயிற்றே. மாற்றி மாற்றி நல்ல தண்ணீரில் கழுவினேன். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்காதவரைக்கும் கழுவினேன். ஊற வைத்து, நேற்றுக் காலை சாக்கில் கட்டினேன். நெல்லுக்குள் இருக்கிற உயிரை எந்தக் குழாயை விட்டுப் பார்ப்பது? அதற்கு முட்டையும் உதவாது.

வாசலில் ஆட்டோ சத்தம். நஸ்ரின் வந்துவிட்டாள். இரு, வருகிறேன்.

முளைத்திருக்கிறது.

மூச்சு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அவள் முடிச்சை அவிழ்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பெரியம்மா, கையை உள்ள விடுங்க" என்றாள். விட்டேன். உள்ளே கதகதவென்று இருந்தது, அந்த முட்டை மாதிரியே. வெளியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு நெல்லின் மூக்கிலும் வெள்ளை வெள்ளையாக முளை. அங்கங்கே ஒன்றிரண்டு ஊமையாக இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. நாற்றங்காலுக்குப் போதும். உன் சோற்றுக்குப் போதும். நஸ்ரின் கைநிறைய அள்ளி முகத்தருகே வைத்து மோந்து பார்த்தாள். இனிமேல் மழை இருக்கிறது, பூச்சி இருக்கிறது, வாய்க்காலில் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. அறுத்துக் கொட்டும்வரை எனக்கு நிம்மதி கிடையாது, அது உனக்கே தெரியும்.

இப்போது சாயங்காலம், மறுபடி பேனாவை எடுத்திருக்கிறேன். மத்தியானம் அவளுக்கு இலை போட்டேன். கத்திரிக்காய்க் குழம்பும் அப்பளமும். அவள் கண் சமையல் மேடைப் பக்கம் போனது. "அது என்ன பெரியம்மா, உங்க வீட்டுலயா?" என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, பால் காய்ச்சுகிற பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதை வேகப் போட்டுவிட்டேன். இவர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அடுப்ப சிம்ல வை, வெடிச்சிடப் போகுது" என்று மட்டும் சொன்னார். ஓடு உரிக்கத் தெரியவில்லை, அவளே உரித்துக்கொண்டாள். ஒரு கடி கடித்துவிட்டு, "கொஞ்சம் உப்பு குடுங்க பெரியம்மா" என்றாள்.

உப்புக்கு எங்கே போவேன்? ஜாடியைத்தான் அன்றைக்கே கவிழ்த்துவிட்டேனே. குழம்புக்கே எதிர்வீட்டில் ஒரு கை வாங்கித்தான் போட்டேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உப்புத் தண்ணியில குளிச்சிட்டு வந்த முட்டைக்கு உப்பு எதுக்குடி? பேசாம தின்னு."

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கையில் பாதி முட்டையோடு என்னையே பார்த்தாள்.

"பெரியம்மா, வருஷா வருஷம் விதை பொறுக்குற அன்னிக்கு அம்மா வேலியிலேர்ந்து வந்து அந்த முட்டையை எனக்குத்தான் அவிச்சுக் குடுப்பாங்க. நான் உப்பு கேப்பேன். அம்மா இதேதான் சொல்லுவாங்க. இதே வார்த்தை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாதடி. நான் கேட்டதேயில்லையே.